பூனைக்கும் ஒரு வாசல்

வீட்டுக்கு வாசல் வைப்பது மனிதரின் வருகைக்கு மாத்திரமன்று. அவ்வீட்டை நம்பி வாழும் வாயில்லாச் சீவன்களும் வந்துபோக வேண்டும் அன்றோ? ஓடு வேய்ந்த பழைய வீடுகளில் இது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. முற்றம் இருந்தது, கதவுக்கு மேலே காற்றுத் துவாரங்கள் இருந்தன, பூனை கூரைவழி வந்து கூரைவழி போயிற்று. இன்றோ மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளிலும், வெள்ளவத்தையின் மாடி வீடுகளிலும், ஓர் அறைக்கேனும் குளிரூட்டி பொருத்தும் வழக்கம் பரவிவிட்டது. அவ்வறையின் கதவு சாத்தியிருக்க வேண்டும் என்பது நமது கட்சி; திறந்திருக்க வேண்டும் என்பது பூனையின் கட்சி. நள்ளிரவில் கதவைப் பிறாண்டும் ஒலி கேட்டு எழுந்து, ஈற்றில் கதவைச் சற்றே ஒருக்களித்து வைத்துவிட்டு உறங்கப் போகும் இல்லங்கள் எத்தனையோ!

அந்தச் ‘சற்றே’ என்பதன் விலை மாத முடிவில் தெரியும். 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் மின்கட்டணம் உயர்ந்ததை நம் குடும்பங்கள் எளிதில் மறவா. பின்னர் அது குறைந்ததும் உண்டு. ஆயினும் செலவிடும் அலகுகள் கூடக் கூடக் கட்டண வீதமும் ஏறுமாதலால், வீணாகும் கடைசி அலகுகளே நமக்கு மிகுந்த விலையுள்ளவை.

குளிர்ந்த காற்று கனமானது. தரையோடு தாழ்ந்து, கதவின் அடிப்பாகத்தால் வெளியேறும். அது போன இடத்தை நிரப்ப, மேலிடுக்குகளால் வெளிக்காற்று உட்புகும். கொழும்பின் காற்று வெப்பமுடையது மாத்திரமன்று, ஈரமும் நிறைந்தது. அவ்வீரத்தை நீராக்கி வெளியேற்றவும் குளிரூட்டி மின்சாரம் செலவிடுகிறது. அதன் குழாயிலிருந்து சொட்டும் நீரே இதற்குச் சாட்சி. பூனைவாசல் அமைவதும் கதவின் அடியிலேதான் என்பதால் அதன் தேர்வில் கருத்துச் செலுத்துதல் அவசியமாகின்றது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 200 சென்ரிமீற்றர் உயரமுள்ள கதவை 10 சென்ரிமீற்றர் ஒருக்களித்தால் திறப்பு 2,000 சதுர சென்ரிமீற்றர். கதவின் கீழே 80 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் இடுக்கு இருப்பின் அது 80. பக்கத்துக்கு 20 சென்ரிமீற்றர் கொண்ட பூனைவாசலின் தொங்கு தட்டியைச் சுற்றி 2 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தாலும் அது 16 மாத்திரமே! ஆகவே, சுமாரான பூனைவாசலும் ஒருக்களித்த கதவிலும் பன்மடங்கு மேலானது. எனினும், கதவின் கீழிடுக்கை றப்பர் பட்டியால் அடைக்காமல் விலையுயர்ந்த பூனைவாசலை வாங்குவது, ஓட்டைக் குடத்துக்கு வெள்ளி மூடி செய்வதாகும். அப்பட்டிக்கு அலைய வேண்டியதில்லை. மருதானைக்கு அண்மையில், வாகன உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன பஞ்சிகாவத்தையில் தேடிப்பார்க்கலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. அளவே முதலாவது. பிராணியின் தோள் அகலத்தை அளந்து, விரலிரண்டு கூட்டுக. அதற்கு மேல் வேண்டாம். அடுத்தது தட்டி. விளிம்பில் காந்தமும், சுற்றிலும் தூரிகைப் பட்டியும் உள்ளதே நன்கு மூடும். இரட்டைத் தட்டியுள்ளது இன்னும் சிறந்தது. ஆனால் காந்தம் கிழப் பூனையும் குட்டியும் தள்ளித் திறக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். நன்கு மூடும் தட்டி நுளம்பையும் தடுக்கும். டெங்கு அச்சமுள்ள நகரில் இது சிறிய ஆதாயமன்று.

இனி, இடம். நேரே தெருவுக்குத் திறக்கும் முன்கதவில் பூனைவாசல் வேண்டவே வேண்டாம். வாகனமும் தெருநாயும் கள்வர் கையும் அப்பாலே காத்திருக்கும். உள்ளறைக் கதவே தகுந்தது. மாடிக் குடியிருப்புகளில் பொதுவழிக்குத் திறக்கும் கதவு தீயைத் தடுக்கவென அமைந்ததாயிருக்கலாம். அதைத் துளைப்பது ஆபத்து. வாடகை வீடாயின் சொந்தக்காரரின் சம்மதம் பெறுக. அவர் இசையாவிடில், அறைக் கதவைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, மலிவான பலகைக் கதவொன்றில் தச்சரைக் கொண்டு துளை போடுவிக்கலாம்.

பொருத்திய பின் ஊதுவத்தியொன்றைக் கொளுத்தித் தட்டியின் விளிம்போரமாகப் பிடியுங்கள். புகை நேரே எழுந்தால் நன்று. வளைந்து ஓடினால் அவ்விடத்தில் இடுக்கு உண்டு. பூனையைப் பழக்குவதும் எளிதே. முதற் சில நாட்கள் தட்டியை மேலே கட்டிவைத்து, மறுபுறத்தில் ஒரு நெத்தலிக் கருவாட்டை வையுங்கள். மற்றதைப் பூனையே பார்த்துக்கொள்ளும்.

இது நவநாகரிகப் பித்து என்று நகைப்போரும் உளர். இங்கிலாந்தின் எக்ஸிற்றர் பேராலயத்தில், பழங் கடிகாரத்தின் கீழுள்ள கதவில், எலி பிடிக்கும் பூனைக்கென வெட்டிய வட்டத் துளையொன்று 400 ஆண்டுகளாக இருந்து வருகின்றது. அங்கே பூனைக்குக் கடமை இருந்தது, வழியும் கிடைத்தது. நம் வீட்டுப் பூனைக்கு வழிவிடுவோம். குளிரூட்டிய காற்றுக்கு மாத்திரம் அவ்வழியை அடைப்போம். இரவில் எழுந்து கதவு திறக்கும் இல்லத்தரசிக்கு அதனாற் கிட்டும் உறக்கம் எந்தப் பில்லிலும் எழுதப்படாத ஆதாயம்.