30 ரூபாய்த் தட்டுக்கு 250 ரூபாயா? படம் பார்ப்பதிலும் பகற்கொள்ளை!

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள். செங்கம் சாலையில், ரமணாசிரமம் பகுதியில், அன்று கால் வைக்க இடமிருக்காது. இளநீர், சுண்டல், ருத்திராட்சம், சாமி படம், பாட்டு சி.டி., சினிமா டி.வி.டி. எல்லாம் அங்கே விலைக்கு உண்டு. வெளிநாட்டாருக்கு ஒரு விலை, வேட்டி கட்டியவனுக்கு ஒரு விலை என்பதும் உண்டு.

அந்தக் கூட்டத்தில் நாம் ஒரு காட்சியைக் கண்டோம். அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

ஒரு விவசாயத் தொழிலாளி. செங்கம் பக்கத்துக் கிராமம். அறுப்புக் கூலியை மடியில் முடிந்துகொண்டு வந்திருக்கிறார். வீட்டில் எண்பதை நெருங்கும் தாயார் படுத்த படுக்கையாக இருக்கிறார். அந்த அம்மாளுக்கு ஒரே ஒரு ஆசை. சிறுமியாக இருந்தபோது டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த "மதுரை வீரன்" படத்தை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும். வீட்டில் சர்க்கார் கொடுத்த பழைய டி.வி. இருக்கிறது. தெருவில் யாரோ கொடுத்த டி.வி.டி. பெட்டியும் இருக்கிறது. தட்டுதான் இல்லை.

"250 ரூபா. இப்பல்லாம் இது எங்கே கிடைக்குது? வேணும்னா எடு, இல்லேன்னா நகரு" என்கிறார் கடைக்காரர்.

தொழிலாளி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். விலையின் மேல் ஒரு புது ஸ்டிக்கர். ஓரத்தை நகத்தால் சுரண்டுகிறார். அடியில் அச்சடித்த விலை 30 ரூபாய்!

"ஏண்ணா, அட்டையில வேற வெல போட்டிருக்கே?"

பதில் இல்லை. முறைப்புதான் வந்தது. அவர் தட்டைத் திரும்ப வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

தோழர்களே! அந்தக் கடைக்காரர் மீது நமக்குக் கோபம் வராமலில்லை. ஆனால் எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? 30 ரூபாய்த் தட்டு 250 ரூபாய் ஆனதற்குப் பின்னால் இருபது வருஷத்துக் கதை இருக்கிறது. அதைச் சொல்லுவோம்.

ஒரு படம் ஐந்து நாள் கூலி!

2006 பிப்ரவரியில் கிராமப்புற வேலை உறுதித் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கிய மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. அன்றைய தினக்கூலி 80 ரூபாய். அதே நாளில் கம்பெனி முத்திரை போட்ட டி.வி.டி. என்ன விலை? நூறு, இருநூறு என்று விற்றது. வெளிநாட்டுப் படமென்றால் 400, 500. ஏரிக்கரையில் ஐந்து நாள் மண் சுமந்தால் 400 ரூபாய். ஐந்து நாள் வெயிலைக் கொடுத்தால் இரண்டரை மணி நேரப் படம்!

விலையை இப்படி வைத்தவர்கள் இன்னொரு தந்திரமும் செய்தார்கள். டி.வி.டி.யைக் கொண்டுவந்த கம்பெனிகள் உலகத்தை ஆறு மண்டலங்களாகக் கூறு போட்டன. அமெரிக்கா முதல் மண்டலம். இந்தியா ஐந்தாம் மண்டலம். ஒரு மண்டலத்துத் தட்டு இன்னொரு மண்டலத்துப் பெட்டியில் ஓடாதபடி பூட்டுப் போட்டார்கள். எந்த நாட்டில் மலிவோ அந்த நாட்டில் வாங்கிக்கொள்ள வாடிக்கையாளனுக்கு உரிமை கிடையாது. "சுதந்திரச் சந்தை" என்று மேடைதோறும் முழங்குகிறவர்களின் லட்சணம் இது! மூலதனம் மட்டும் எல்லை தாண்டலாம். தட்டு தாண்டக் கூடாது!

யார் திருடன்?

விலை எட்டாத இடத்தில் கள்ளச் சந்தை முளைக்கும். முளைத்தது. பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் 20 ரூபாய்க்கும் 30 ரூபாய்க்கும் "திருட்டு வி.சி.டி." குவிந்தது. படத் தயாரிப்பாளர்கள் கூக்குரலிட்டார்கள். சர்க்கார் என்ன செய்தது? விலையைக் குறைக்கச் சொன்னதா? இல்லை. 1982ஆம் வருஷத்து 14ஆம் எண் சட்டத்தை, ஜனங்கள் "குண்டர் சட்டம்" என்று அழைக்கும் அந்தச் சட்டத்தை, 2004இல் திருத்தி, வீடியோ திருடர்களையும் அதில் சேர்த்தது!

இந்தச் சட்டத்தில் ஒருவனை விசாரணையில்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். காப்புரிமையை மீறினால் தண்டிக்க 1957ஆம் வருஷத்துச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. அதில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆனால் கோர்ட்டில் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். அந்தச் சிரமம் எதற்கு என்று நினைத்தார்கள் போலும்! தட்டுகளை ஆயிரக்கணக்கில் அடித்த பெரிய புள்ளி பின்னால் பத்திரமாக இருக்க, கூடையில் வைத்து விற்ற கூலிக்காரன் முன்னால் அகப்பட்டான்.

திருட்டை நாம் நியாயப்படுத்தவில்லை. சொந்தப் பணத்தையும் கடனையும் போட்டுப் படமெடுத்த சிறு தயாரிப்பாளன் திருட்டுத் தட்டால் நொந்துபோனது உண்மை. ஆனால் ஒன்று கேட்கிறோம். பத்து மடங்கு விலை வைத்து விற்றவனுக்கு "வியாபாரி" என்று பெயர், பத்து ரூபாய் லாபத்துக்கு விற்றவனுக்கு "குண்டன்" என்று பெயரா?

28 ரூபாய் சொன்ன உண்மை

2007இல் ஒரு சம்பவம் நடந்தது. வெறும் தட்டு தயாரிப்பதில் உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்றாக இருந்த மோசர் பேயர், படத் தட்டு வியாபாரத்தில் இறங்கியது. தமிழ்ப் பட வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று விலை வைத்தது. எண்பது ரூபாய்க் கூலிக்காரன் மூன்றில் ஒரு நாள் கூலியில் கம்பெனித் தட்டையே வாங்கினான். பெட்டிக்கடையிலும் மளிகைக்கடையிலும் படம் தொங்கியது. குண்டர் சட்டத்தால் சாதிக்க முடியாததை 28 ரூபாய் சாதிக்கத் தொடங்கியது. கள்ளத் தட்டின் விலையிலேயே நல்ல தட்டு கிடைக்குமானால் ஏன் கள்ளத் தட்டை வாங்கப் போகிறான்?

இதில் அடங்கிய உண்மையைக் கவனியுங்கள். 28 ரூபாயில் தட்டடித்த கம்பெனிக்கும் பங்கு, உரிமை விற்றவனுக்கும் பங்கு, லாரிக்கும் கடைக்காரனுக்கும் பங்கு. அப்படியானால் முன்பு வாங்கிய 200ம் 400ம் எதற்கு? பிளாஸ்டிக்குக்கா? கலைக்கா? நாளெல்லாம் விளக்குச் சுமந்த லைட் பாய்க்கா? தட்டு விலை ஏறியபோது அவன் கூலி ஏறியதா? எம்.பி. சீனிவாசனும் நிமாய் கோஷும் கோடம்பாக்கத்தில் சங்கம் கட்டப் பாடுபட்டிருக்காவிட்டால் அவனுக்குக் கிடைத்துவரும் கூலியாவது கிடைத்திருக்குமா?

அதற்காக 28 ரூபாய்க் கம்பெனியை நாம் தர்மப் பிரபு என்று கொண்டாடவில்லை. சந்தையைப் பிடிக்கவே அது விலையைக் குறைத்தது. ஜனங்கள் மேல் வைத்த கருணையால் அல்ல. தட்டு வியாபாரம் படுத்ததும் கம்பெனியும் படுத்தது. 2018இல் அதைக் கலைத்து விற்கக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. தட்டடித்த தொழிலாளர்கள் வீதியில் நின்றார்கள். முதலாளியின் மலிவு விலையை நம்பி இருப்பது ஆற்று மணலில் வீடு கட்டுவது போல. வெள்ளம் வரும்வரைதான் வீடு!

சேரன் 2015இல் "சி2ஹெச்" என்ற பெயரில் ஒரு முயற்சி செய்தார். தம்முடைய "ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை" படத்தை டி.வி.டி.யாக 50 ரூபாய்க்கு நேரே வீட்டுக்குக் கொடுக்க முனைந்தார். முயற்சி நீடிக்கவில்லை. தனிமனிதன் எவ்வளவு நல்லெண்ணம் வைத்தாலும் சந்தையின் கழுத்துப்பிடியை ஒற்றைக் கையால் விடுவிக்க முடியாது.

தட்டு போனது, வாடகை வந்தது

இன்று கடைத்தெருவில் தட்டு அநேகமாக மறைந்துவிட்டது. மிச்சம் கிடப்பதை "அபூர்வச் சரக்கு" என்று சொல்லி எட்டு மடங்கு விற்கிறார்கள். "இனி எல்லாம் போனில்தான்" என்கிறார்கள். சரி, போனில் என்ன விலை?

அமேசான் பிரைம் 2016இல் இந்தியாவுக்குப் படத்தைக் கொண்டுவந்தபோது வருஷத்துக்கு 499 ரூபாய் என்றது. பிறகு 999. 2021 டிசம்பரில் 1,499. ஐந்தே வருஷத்தில் மூன்று மடங்கு! 2025 ஜூன் முதல் சந்தா கட்டியவனுக்கும் நடுவே விளம்பரம். விளம்பரம் வேண்டாமா? அதற்குத் தனியாகப் பணம்! படம் ஓட இன்டர்நெட் வேண்டும். 2024 ஜூலையில் மூன்று தனியார் செல்போன் கம்பெனிகளும் அடுத்தடுத்த நாளில் கட்டணத்தை ஏற்றின. போட்டி என்பார்கள். ஏற்றுவதில் மட்டும் என்ன ஒற்றுமை பாருங்கள்!

கேபிள் மட்டும் என்ன வாழ்ந்தது? 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு ஓடியது. 2019இல் "டிராய்" கொண்டுவந்த புது முறையில் அடிப்படைக் கட்டணமே 130 ரூபாய் வரை. 18 சதவீத வரி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனலுக்கு அதற்கு மேல் தனிப் பணம்.

இனி கூலிக் கணக்கைப் போடுவோம். 2025-26க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். அதுவும் அளந்து பார்த்துக் குறைத்தது போக மிஞ்சினால்தான். அந்த 1,499 ரூபாய்க்கு ஏறக்குறைய நாலரை நாள் உழைக்க வேண்டும். 2006இல் ஒரு தட்டுக்கு ஐந்து நாள். இன்று ஒரு சந்தாவுக்கு நாலரை நாள். சுற்றிச் சுற்றி வந்தாலும் கிரிவலம் போல ஆரம்பித்த இடத்திலேயே வந்து நிற்கிறோம்!

ஒரு வித்தியாசம் உண்டு. தட்டை வாங்கினால் அது நம் சொத்து. கம்பெனிக்காரன் இரவில் வந்து பரண்மேலிருந்து எடுத்துப்போக முடியாது. ஒரு தட்டை வைத்துத் தெருவே பார்த்தது. அண்டை வீட்டுக்கு இரவல் போய்த் திரும்பி வந்தது. சந்தாவில் நமக்கு என்று ஒன்றுமில்லை. இன்றிருக்கும் படத்தை நாளை எடுத்துவிடுவார்கள். பணத்தை நிறுத்தினால் படமும் நிற்கும். அமெரிக்காவில் தபாலில் டி.வி.டி. அனுப்பி வளர்ந்த நெட்பிளிக்ஸ் கம்பெனியே 2023 செப்டம்பரில் அந்த வேலையைத் தலைமுழுகியது. உழுகிறவன் நிலத்துக்குக் குத்தகை கட்டினான். இன்று சிரிப்புக்கும் அழுகைக்கும் குத்தகை!

சோற்றுக்கு வழியில்லாதவனுக்குச் சினிமாவா?

"அரிசி விலை ஏறுகிறது, எண்ணெய் விலை ஏறுகிறது, இதில் படத் தட்டைப் பற்றி என்ன பேச்சு?" என்று நம்மவர்களே சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பதிலும் சொல்ல வேண்டும்.

1886இல் சிகாகோ தொழிலாளி கேட்டது என்ன? எட்டு மணி நேர வேலை மட்டுமா? எட்டு மணி ஓய்வு, மீதி எட்டு மணி தன் விருப்பத்துக்கு என்றும் கேட்டான். 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினக் கொடியை ஏற்றியதும் அந்தக் கோரிக்கைக்காகத்தான். மாடு கூட அசைபோட நேரம் கேட்கிறது. மனிதன் கேட்கக் கூடாதா? ஆரணி அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவனுக்கும், கோவைப் பஞ்சாலையில் இரவு ஷிப்டு பார்த்த பெண்ணுக்கும், பெங்களூரில் சாரம் ஏறி வாரக் கடைசியில் ஊர் திரும்பியவனுக்கும் இரண்டு மணி நேரம் சிரிக்க உரிமை உண்டு. அரிசியில் அடிக்கிற கொள்ளைக்கும் படத்தில் அடிக்கிற கொள்ளைக்கும் கை ஒன்றுதான். பை ஒன்றுதான்.

சட்டம் நம் பக்கம் சொல்வது

அந்தத் தொழிலாளி பேசாமல் போனார். அவர் போயிருக்க வேண்டியதில்லை. சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011 சொல்வதைக் கேளுங்கள். பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்சச் சில்லறை விலைக்கு மேல் ஒரு காசு கூட வாங்கக் கூடாது. அச்சிட்ட விலையை அழிப்பதும், மறைப்பதும், கூட்டித் திருத்துவதும் குற்றம். நம் மாநிலத்தில் இதைக் கவனிக்க வேண்டியது தொழிலாளர் துறை. நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண்ணும் இருக்கிறது. ரசீது கேளுங்கள். ஸ்டிக்கரையும் அட்டையையும் போட்டோ எடுங்கள். ஒருவன் கேட்டால் முறைப்பான். ஒன்பது பேர் சேர்ந்து கேட்டால் ஸ்டிக்கர் தானே உரியும்.

இன்னொன்றும் கேளுங்கள். சினிமாப் படத்துக்குக் காப்புரிமை 60 ஆண்டுதான். "மதுரை வீரன்" வந்தது 1956இல். 2016ஆம் வருஷம் முடிந்ததோடு அந்தப் படத்தின் காப்புரிமைக் காலம் முடிந்தது. அதாவது அந்தத் தாயார் கேட்ட படம் இன்று ஜனங்களின் பொதுச் சொத்து! தன் சொத்தைப் பார்க்கவே அவளிடம் 250 ரூபாய் கேட்டிருக்கிறார்கள்!

நாம் கோருவது இதுதான்:

1. கிரிவலப் பாதையிலும் ரமணாசிரமம் பகுதிக் கடைகளிலும் பௌர்ணமி நாட்களில் தொழிலாளர் துறை அதிகாரிகள் சோதனை நடத்த வேண்டும். விலையைத் திருத்தி விற்பதைத் தடுக்க வேண்டும்.

2. காப்புரிமைக் காலம் முடிந்த தமிழ்ப் படங்களைச் சர்க்கார் திரட்டிப் பாதுகாத்து, கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள் மூலம் இலவசமாகத் திரையிட வேண்டும். தட்டாகவும் அடக்க விலைக்குத் தர வேண்டும்.

3. சந்தாக் கட்டணத்தையும் இன்டர்நெட் கட்டணத்தையும் கம்பெனிகள் இஷ்டம்போல் ஏற்றுவதைக் கட்டுப்படுத்த வேண்டும்.

4. கூடையில் வைத்து விற்கும் ஏழை வியாபாரிமீது விசாரணையில்லாக் காவல் சட்டத்தை ஏவுவது நிற்க வேண்டும். குற்றமென்றால் கோர்ட்டில் நிரூபிக்கட்டும்.

அடுத்த பௌர்ணமிக்கு அதே கடைத்தெருவுக்குப் போவோம். தனித்தனியாக அல்ல. பத்துப் பேராக, இருபது பேராகப் போவோம். மரியாதையாகவே கேட்போம்: "அண்ணே, அச்சடித்த விலை என்ன?" அந்தத் தாயார் கண் மூடுவதற்குள் அவள் படம் அவள் வீட்டில் ஓட வேண்டும்!