வாக்கு இல்லாதவர் பக்கம்

நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் சங்கத் தலைவராகவும் சபைக் குழுவிலும் ஒரே ஆள் இருப்பது புதிதல்ல. ஞாயிறு ஆராதனையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர், மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளையோடும் துரையோடும் மல்லுக்கு நிற்க வேண்டும். அப்படி ஒரு தம்பி அண்மையில் என்னிடம் கேட்டார்: “அண்ணே, தலைவரா இருந்துகிட்டு ஒழுங்கான கிறிஸ்தவனாவும் இருக்க ஏலுமா?”

ஏலும் என்றேன். செல்வநாயகத்தைப் பாருங்கள் என்றேன். தம்பி கொஞ்சம் திகைத்தார். தந்தை செல்வாவை யாழ்ப்பாணத்தாரின் தலைவராகவே எங்கள் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள். மலையகத்துக்கும் அவர் மீது உரிமை உண்டு என்பது என் நெடுநாள் எண்ணம்.

சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் 1898 இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்த புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர். கொழும்பில் சிவில் வழக்குகளில் பேர்போன சட்டத்தரணி. 1947 இல் காங்கேசன்துறை மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அது சைவர்கள் பெரும்பான்மையாக வாழும் தொகுதி. அதே தேர்தலில்தான் எங்கள் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் 7 பேர் சபைக்குப் போனார்கள். இந்தத் தோட்ட வாக்குகளைக் கண்டு ஆட்சியாளர் அஞ்சினார்கள். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஏறக்குறைய 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1949 இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் தோட்ட மக்களின் பிரதிநிதி ஒருவர்கூட சபைக்குள் போகவில்லை.

செல்வநாயகம் அப்போது தமிழ்க் காங்கிரஸில் இருந்தார். அதன் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்து, இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமை மசோதாவை ஆதரித்தார். செல்வநாயகம் எதிர்த்தார். இன்று தோட்டத் தமிழருக்கு நடப்பது நாளை மொழி என்று வரும்போது வடக்கு கிழக்குத் தமிழருக்கும் நடக்கும் என்று எச்சரித்தார். கட்சி உடைந்தது. 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது.

இந்த இடத்தைத்தான் நான் தம்பியிடம் விரித்துச் சொன்னேன். அந்த எதிர்ப்பால் செல்வநாயகத்துக்குக் கிடைக்கக்கூடியது எதுவுமே இல்லை. லயத்துக் காம்பராக்களில் இருந்தவர்கள் அவருடைய தொகுதிக்காரர்கள் அல்லர், உறவுக்காரர்கள் அல்லர். கொஞ்ச நாளில் யாருக்குமே வாக்குப் போட முடியாதவர்களாகப் போகிறவர்கள். தலைவரோடு ஒத்துப்போயிருந்தால் பதவிக்கு வழி திறந்திருக்கும். 1952 இல் அவர் தோற்றார். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகனான சு. நடேசன் வென்றார். சைவத் தொகுதிக்குக் கிறிஸ்தவர் ஒருவர் எதற்கு என்ற பேச்சும் அந்தத் தேர்தலில் கிளம்பியது. அவர் மதத்தை மறைக்கவும் இல்லை, தொகுதியை விட்டு ஓடவும் இல்லை. 1956 இல் அதே மக்கள் அவரைத் திரும்பத் தெரிந்தெடுத்தார்கள். பதில் செய்ய வழியில்லாதவர்களுக்குச் செய்வதுதான் கிறிஸ்தவ ஊழியம் என்று நாம் ஞாயிறுதோறும் கேட்கிறோம். அரசியலில் அப்படி ஒருவர் செய்து, அதற்கான விலையையும் கொடுத்ததை நான் இவரிடம்தான் கண்டேன்.

அவர் மேடைப் பேச்சாளர் அல்லர். மெலிந்த உடம்பு, தணிந்த குரல், பிற்காலத்தில் பார்க்கின்சன் நடுக்கம். 1956 ஜூன் 5 அன்று காலிமுகத் திடலில் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்த சத்தியாக்கிரகிகளைக் காடையர் கூட்டம் அடித்துத் துவைத்தபோதும், 1961 இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசல்களை மறித்து வாரக்கணக்கில் இருந்தபோதும் பதிலடி கொடுப்பதில்லை என்ற ஒழுங்கைக் காத்தார். காந்தியின் பெயரால் நடந்த அந்தப் போராட்டத்தில் மலைப்பிரசங்கமும் இருந்ததாகவே நான் வாசிக்கிறேன்.

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு மனக்குறையும் சொல்ல வேண்டும். தமிழரசுக் கட்சியின் 1956 திருகோணமலை மாநாட்டுக் கோரிக்கைகளில் மலையகத்தாரின் பிரஜாவுரிமையும் ஒன்று. 1957 பண்டா-செல்வா ஒப்பந்தத்திலோ அது விரைவில் கவனிக்கப்படும் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்த ஒப்பந்தத்தையும் மறு வருடம் பிரதமர் பண்டாரநாயக்க கைவிட்டார். பிறகு 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. எங்கள் சனங்கள் மூட்டை முடிச்சோடு தலைமன்னாருக்குக் கோச்சி ஏறினார்கள். விசுவாசமுள்ள தலைவர் இருந்தால் எல்லாம் நல்லபடி முடியும் என்று நம்புகிறவர்கள் இதையும் படிக்கட்டும்.

இன்னொன்று இதைவிட வலிக்கிறது. 1968 இல் திருகோணமலைக் கோணேஸ்வரச் சூழலைப் புனித பூமியாக்கும் முயற்சியைப் பிரதமர் டட்லி சேனநாயக்க தடுத்தார் என்று, அவருடைய அரசில் இருந்த தமிழரசுக் கட்சியின் அமைச்சர் மு. திருச்செல்வம் பதவியைத் துறந்தார். அடுத்த ஆண்டு கட்சியே அரசை விட்டு விலகியது. கிறிஸ்தவர் தலைமை தாங்கிய கட்சி சைவ ஆலயம் ஒன்றின் பொருட்டு இப்படி நின்றது எனக்குப் பெருமை. ஆனால் அதே 1968 இல், செல்வநாயகத்தின் சொந்தத் தொகுதியிலுள்ள மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில், தாழ்த்தப்பட்டோர் உள்ளே விடப்படாமல் மறியலிருந்தார்கள். கதவை மறித்து நின்றவர்களில் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கமும் ஒருவர். செல்வநாயகம் அந்தப் போராட்டத்தின் முன்வரிசைக்கு வரவில்லை. கிறிஸ்தவரான தாம் சைவக் கோயில் காரியத்தில் தலையிடுவது தகாது என்று தயங்கினார் என விளக்கம் சொல்வார்கள். பிற மதத்தை மதிக்கும் தயக்கம் அது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அங்கே வெளியே நிறுத்தப்பட்டவர்களும் சைவர்கள்தான், அவருடைய தொகுதி மக்கள்தான். 1948 இல் எங்களுக்காக எழுந்து நின்ற அதே மனிதர், தெல்லிப்பழையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த வாசலுக்கும் போயிருக்க வேண்டும்.