பனிமலைப் பயணமும் மார்கழி விடியலும்

'பனி' என்னும் ஒரு சொல்லுக்குள் தமிழன் எத்தனை பொருளை அடக்கி வைத்திருக்கிறான்! புல்நுனியில் முத்தாக நிற்பதும் பனி. மார்கழி விடியலில் மலையை மறைத்து நிற்பதும் பனி. இமயத்தின் முடியில் வெள்ளியாக உறைந்து கிடப்பதும் பனிதான். ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்த நம் முன்னோர் கூதிர், முன்பனி, பின்பனி என்று மூன்றைக் குளிருக்கே ஒதுக்கினர். வெயிலுக்குப் பெயர் பெற்ற மண்ணில் வாழ்ந்தாலும் குளிரை அவர்கள் அற்பமாக எண்ணவில்லை.

இன்று நம் இளைஞர்கள் உள்ளத்தில் ஓர் ஆசை குடிகொண்டிருக்கிறது. மோட்டார் சைக்கிளில் ஏறி, மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள லடாக் சென்று, பனி மூடிய கணவாயின் பெயர்ப்பலகை அருகே நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. இந்த ஆசையை இகழ்பவன் அல்லன் நான். இளமைக்கு வீரம் அழகு. ஆனால் பனிமலைக்குச் செல்ல விரும்புவோர் கற்க வேண்டிய முதல் பாடம் இமயத்தில் இல்லை. நம் திருவண்ணாமலைச் சாலைகளிலேயே இருக்கிறது. அதைக் கற்காமல் அங்கே போவது பேதைமை; இங்கே அன்றாடம் குளிரில் வண்டி ஓட்டுவோரை மறந்துவிட்டு அங்கே போவோரை மட்டும் வீரர் என்று புகழ்வது அதனினும் பேதைமை. இதுவே என் கருத்து.

தமிழகத்து வண்டி

பனிமலைக்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. எல்லைக் காவலுக்கு உரிய வண்டி வேண்டும் என்று இந்திய ராணுவம் தேடியபோது அதன் பார்வை புல்லட் மோட்டார் சைக்கிள் மீது விழுந்தது. இங்கிலாந்தில் உருவான அந்த வண்டியை இங்கேயே செய்வதற்காக 1955ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா தோன்றியது. அதன் தொழிற்சாலை சென்னையை அடுத்த திருவொற்றியூரில் அமைந்தது. கடற்கரையின் உப்புக்காற்றில் வியர்வை சிந்திய தொழிலாளி பூட்டிய வண்டி, உறைபனியில் சிப்பாயைச் சுமந்து சென்றது! 2016இல் அதே வழிவந்த நிறுவனம் மலைப்பாதைக்கென்றே செய்த வண்டிக்கு 'ஹிமாலயன்' என்று பெயரிட்டது.

வண்டி தமிழகத்தில் பிறந்ததாக இருக்கலாம். ஓட்டுகிறவனும் தமிழகத்தில் பிறந்தவன் ஆயிற்றே! வண்டியைப் பனிக்கு ஏற்பச் செய்ய அதன் பொறியாளர்கள் பல ஆண்டு உழைத்தார்கள். ஓட்டுகிறவனைப் பனிக்கு ஏற்பச் செய்வது யார்?

காற்றே குளிர்

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வண்டி ஓட்டுகிறவனுக்கு வெப்பமானி காட்டும் குளிர் வேறு. அவன் உடல் உணரும் குளிர் வேறு. நம் தோலை ஒட்டி மெல்லிய வெப்பக் காற்றுப் படலம் ஒன்று போர்வை போல் இருக்கிறது. வேகமாகச் செல்லும்போது எதிர்க்காற்று அந்தப் போர்வையை நொடிதோறும் உரித்து எடுத்துவிடுகிறது. அண்டார்க்டிகாவில் ஆய்வு செய்த பால் சிப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள் இந்தக் காற்றுக் குளிரை முதன்முதலாக அளந்து 1945இல் வெளியிட்டனர். 2001இல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்தி அமைத்த வாய்பாட்டின்படி கணக்கிட்டுப் பார்த்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றில், 10 டிகிரி செல்சியஸ் என்பது திறந்த முகத்துக்கு 5 டிகிரி போலாகிறது. 0 டிகிரி என்பது உறைநிலைக்குக் கீழே 9 டிகிரி போலாகிறது. உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி என்றால் அது 23 டிகிரி போலாகிவிடுகிறது! வேகம் கூடக் கூடக் குளிரும் கூடும்.

இந்தக் குளிர் முதலில் தாக்குவது விரல்களை. இதயத்தையும் மூளையையும் காக்க வேண்டி, உடல் கைகால்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. விரல் விறைக்கிறது. பிரேக்கும் கிளட்சும் இருப்பதோ அந்த விரல்களின் ஆளுகையில்! மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடுகிறது. விறைத்த விரல் பிரேக்கைப் பிடிக்க அரை நொடி தாமதித்தால், 7 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். ஒரு மாட்டுவண்டியும் அதில் பூட்டிய மாடுகளும் அடங்கக்கூடிய தூரம் அது.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். நடுக்கம் வரும், நாக்குக் குழறும், அறிவு மங்கும். மங்கிய அறிவுக்குத் தான் மங்கியது தெரியாது என்பதே இதிலுள்ள பெரும் கேடு. 'இன்னும் பத்து மைல்தானே, போய்விடலாம்' என்று அந்த அறிவே சொல்லும். குளிருக்கு ஒரு மிடறு மது குடித்தால் சூடு வரும் என்று சிலர் நம்புகிறார்கள். மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கொட்டிவிடுகிறது. சூடு வந்ததாகத் தோன்றுவது, உண்மையில் சூடு போவதே ஆகும்.

யானைக்கும் அடி சறுக்கும்

பனிக்கட்டிச் சாலையில் மோட்டார் சைக்கிள் என்ன ஆகும்? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தபின் 9 மீட்டரில் நிறுத்திவிடலாம். டயரின் பிடிப்பு ஏழில் ஒரு பங்காகக் குறைந்துபோகும் பனிக்கட்டியின் மேல், நிற்க 60 மீட்டருக்கு மேல் வேண்டும்; அதுவும் வண்டி சாயாமல் இருந்தால்! உறைநிலையை ஒட்டியிருக்கும் பனிக்கட்டி கடுங்குளிரில் இறுகியதைவிட மிகுதியாக வழுக்கும். மேலே படரும் மெல்லிய நீர்ப்படலமே காரணம். லடாக் சாலைகளில் பகலில் உருகிக் குறுக்கே ஓடும் நீர், இரவில் கண்ணாடிபோல் உறைந்துவிடும். பிற்பகலில் அதே ஓடைகள் பெருகி வண்டியை இழுக்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற முதுமொழி அங்கே வண்டிக்கும் பொருந்தும்.

பனி நாட்டாரே இதற்கு அஞ்சி நடக்கிறார்கள். ஜெர்மனியில் 1956 முதல் கடுங்குளிரில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடும் ஒரு திருவிழா நடந்து வருகிறது. அதற்கு 'யானைச் சந்திப்பு' என்று பெயர். 1989 முதல் பவேரியக் காட்டுப்பகுதியில் பனிமேல் கூடாரமிட்டுத் தங்கிக் கொண்டாடுகிறார்கள். அங்கே வருவோரில் பலர் வண்டியின் பக்கத்தில் பெட்டி இணைத்து, மூன்றாவது சக்கரத்தோடு வருகிறார்கள். பனியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இரு சக்கரத்தை நம்பாமல் மூன்றாவது சக்கரம் பூட்டிக்கொள்ளும்போது, பனிக்கட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் மட்டுமே பார்த்த நாம் எதை நம்பிப் பாய்கிறோம்?

குளிரோடு உயரமும் சேர்ந்துகொள்கிறது. கர்துங்லா கணவாயின் பலகை 18,380 அடி என்று பறைசாற்றினாலும் அளந்தவர்கள் கண்டது ஏறத்தாழ 17,582 அடியே. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிதான். பழைய கார்புரேட்டர் வண்டி அங்கே காற்றுப் போதாமல் திணறும். மனிதனின் நுரையீரலும் அவ்வாறே திணறும். நம் ராணுவம், உடற்பயிற்சியில் தேறிய சிப்பாயையே 9,000 அடிக்கு மேல் முதல் கட்டமாக 6 நாள் இருத்திப் பழக்கிய பிறகுதான் மேலே அனுப்புகிறது. விடுமுறை முடிவதற்குள் திரும்ப வேண்டிய நம் இளைஞனோ ஒரே இரவில் பழகிவிடப் பார்க்கிறான். தலைவலியும் வாந்தியும் கண்டால் உடனே கீழே இறங்க வேண்டும். அதைக் கோழைத்தனம் என்று கேலி செய்யும் நண்பன் நண்பன் அல்லன்.

நம் ஊர்க் குளிர்

இனி நம் ஊருக்கு வருவோம். தீபத் திருநாள் முடிந்த கையோடு நம் ஊரில் குளிர் இறங்கத் தொடங்குகிறது. மார்கழியில் விடியற்காலை அண்ணாமலையார் மலையே கண்ணுக்குத் தெரியாதபடி மூடுபனி கவிந்துவிடும். போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறினால் ஜவ்வாது மலைக் குளிர் எலும்பைத் தொடும். நீலகிரியைப் போல இங்கே புல்வெளி உறைவதில்லை; ஆயினும் ஓட்டுகிறவனைக் குளிர் விட்டுவிடுவதும் இல்லை. பனியில் நனைந்த மெல்லிய சட்டையோடு ஒரு மணி நேரம் எதிர்க்காற்றில் வந்தவனின் விரல்களைக் கேளுங்கள், அவை சொல்லும்.

அப்படி வருபவர் யார்? பால்காரர் வருகிறார். 1980இல் ஓசூரிலிருந்து புறப்பட்ட டி.வி.எஸ். 50 என்ற சின்ன வண்டி தமிழகத்துச் சிற்றூர்களின் சுமைதாங்கி ஆயிற்று. அதன் வழிவந்த வண்டியின் இருபுறமும் பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, நாம் போர்வைக்குள் புரளும் நேரத்தில் அவர் புறப்படுகிறார். பின்னாலேயே பூ மூட்டையுடன் ஒருவர், கீரைக்கட்டுடன் ஒருவர், செய்தித்தாள் கட்டுடன் ஒரு சிறுவன். கையில் உறை இல்லை. தலையில் கவசத்துக்குப் பதில் மப்ளர். எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர், பின்விளக்கு இல்லாமல் மூடுபனிக்குள் நிற்கிறது.

லடாக் சென்று வந்தவருக்கு மாலை போடுகிறோம். ஆண்டுதோறும் முன்பனி முழுவதும் இருட்டில் வண்டி ஓட்டும் இவருக்கு என்ன செய்தோம்? அவர் விரும்பிச் சென்றார். இவர் வயிற்றுக்காகச் செல்கிறார். அவர் ஆயிரக்கணக்கில் செலவிட்டு உடையும் காலணியும் வாங்கினார். இவருக்கு ஒரு ஜோடிக் கையுறை இல்லை. உடல் விறைக்கும் விதி இருவருக்கும் ஒன்றே. இவற்றில் எது பெரிய வீரம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எது நம் கடமைக்கு உரியது என்பதைச் சொல்லலாம்.

செய்ய வேண்டுவன

சங்க காலத்தில் நம் செங்கம் பகுதியை ஆண்டவன் நன்னன். அவன்மீது பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், அவனை நாடி மலைவழி செல்லும் கூத்தர்க்கு வழியிலுள்ள இடர்களையெல்லாம் எடுத்துரைக்கிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு எங்கே, கால் வழுக்கும் இடம் எங்கே என்று, முன் சென்றவன் பின் வருபவனுக்குச் சொல்கிறான். ஆற்றுப்படை என்பதன் பொருளே அதுதான். பனிமலை சென்று திரும்பிய நம் கல்லூரி நண்பர்களும் அத்தகைய ஆற்றுப்படை எழுத வேண்டும். நின்று எடுத்த படத்தைக் காட்டுவதோடு நில்லாமல், எங்கே வழுக்கியது, எங்கே மூச்சு முட்டியது, எதை எடுத்துச் செல்ல மறந்தோம் என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது, 1969 முதல் நாட்டுநலப் பணித்திட்டம் மாணவர்களைச் சிற்றூர்களுக்கு அழைத்துச் செல்கிறது. கார்த்திகைக்கு முன்னரே நம் மாணவர்கள் பால் கேன்களிலும், மாட்டுவண்டிகளிலும், டிராக்டர் பெட்டிகளின் பின்புறத்திலும் ஒளி திருப்பும் பட்டைகளை ஒட்டலாம். செலவு சிறிது, காக்கப்படும் உயிர் பெரிது. கையுறைகளைத் திரட்டிப் பால் நிலையங்களில் கொடுக்கலாம்.

மூன்றாவது, நாமே திருந்த வேண்டும். ஓட்டுகிறவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது சட்டம். மப்ளர் தலைக்கவசம் ஆகாது. மூச்சுக்காற்றால் கவசத்தின் கண்ணாடி மங்கினால் சிறிது திறந்து வையுங்கள். மூடுபனியில் உயர்ஒளி விளக்கு நம் கண்ணையே கூசச் செய்யும், விளக்கைத் தாழ்த்துங்கள். நல்ல மேலங்கி வாங்க வசதி இல்லையா? பழைய செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் மார்போடு வைத்தால் அது காற்றைத் தடுக்கும். விரல் விறைத்தால் ஒரு தேநீர்க் கடையில் நின்று கை காய்ச்சிச் செல்லுங்கள். ஐந்து நிமிடம் தாமதமாக வகுப்புக்கு வருபவனைப் பேராசிரியர் மன்னிப்பார், சாலை மன்னிக்காது.

மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்த பேகனைப் பள்ளிப் பருவம் முதல் படித்து வருகிறோம். மயிலுக்குப் போர்வை தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் தமிழ் அவனை வள்ளல் என்று போற்றியது. இங்கோ உண்மையிலேயே நடுங்கும் கைகள் நாள்தோறும் நம் வீட்டு வாசலுக்குப் பால் கொண்டுவருகின்றன. இமயம் நமக்காகக் காத்திருக்கும். அது எங்கும் போய்விடாது. மாணவ நண்பர்களே, வரும் மார்கழிக்குள் அந்தக் கைகளுக்கு உறை வாங்கிக் கொடுப்போம்!