குப்பை ரயில் வந்த பக்கம்

குர்லாவிலிருந்து செம்பூருக்கு ரயில் பாதை போடப்பட்டது 1906இல். அதில் பயணிகளை ஏற்றத் தொடங்கியது 1924இல். இடைப்பட்ட காலத்தில் அந்தத் தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்தது பம்பாயின் குப்பை. 1927இல் தேவ்னார் குப்பை மேடு ஆரம்பமானது. 132 ஹெக்டேர் பரப்பு. அதன் பக்கத்தில்தான் கோவண்டியும் மான்குர்த்தும் வளர்ந்தன. 2016 ஜனவரி கடைசியில் மேடு தீப்பிடித்து எரிந்தபோது அந்தப் புகை விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில்கூடத் தெரிந்தது. பள்ளிகளை மூடினார்கள். இப்படிப்பட்ட மேட்டில் எரிவது பிளாஸ்டிக்கும் துணியும். எரியத் தூண்டுவது அடியில் காற்றில்லாமல் அழுகும் சோறும் காய்கறியும் விடுகிற மீத்தேன்.

நகரத்தின் குப்பையெல்லாம் வந்து சேரும் இந்தப் பக்கத்தில், இங்கு வசிப்பவர்களின் குப்பையை எடுக்க மட்டும் ஆள் வராது என்பது பழைய கதை. இன்றைய அணுசக்தி நகரை ஒட்டி அன்று ஜனதா காலனி இருந்தது. கோலார் தங்கவயலிலிருந்து பிழைக்க வந்த ஜோக்கின் அற்புதம் என்ற தமிழ் இளைஞர், 1960களில் அங்கிருந்த பிள்ளைகளைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பை. ஊர்வலமாகப் போய் மாநகராட்சி அலுவலகத்தின் முன்னால் கொட்டினார்கள். அதிகாரிகள் பேச வந்தார்கள். பிற்பாடு மகசேசே விருது வரை போன அவருடைய பொதுவாழ்வின் தொடக்கங்களில் ஒன்று இந்தப் பொட்டலம். (ஜனதா காலனியை 1976இல், நெருக்கடி நிலையின்போது இடித்துவிட்டு மக்களைச் சீட்டா கேம்புக்கு அனுப்பியது வேறு கதை.)

இப்போது கேள்வி கொஞ்சம் மாறியிருக்கிறது. குப்பையை எடுத்துப்போக வண்டி வருமா என்பதோடு, உணவுக் கழிவை மட்டுமாவது எடுத்துப்போகாமல் இங்கேயே உரமாக்க முடியுமா என்பதும் சேர்ந்துகொண்டது. 2016இல் வந்த திடக்கழிவு விதிகள் ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுகிறவர்களைப் பெரிய உற்பத்தியாளர் என்று வகைப்படுத்தின. மும்பை மாநகராட்சி 2017 அக்டோபர் 2 முதல் பெரிய சொசைட்டிகள் ஈரக் குப்பையைத் தாங்களே பதப்படுத்த வேண்டும் என்றது. செம்பூரில் நீச்சல் குளம் வைத்த வளாகங்கள் இயந்திரம் வாங்கின. மான்குர்த்தில் 60 குடும்பம் உள்ள கட்டடத்தின் உணவுக் கழிவு 30 கிலோவைத் தாண்டினால் அதிகம். விதி அவர்களைத் தொடவில்லை. எனவே திட்டமும் அவர்களைத் தொடவில்லை.

மொழிபெயர்த்துப் பிழைப்பவன் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் படுவது சொற்கள். மும்பையில் 'ஓலா', 'சுகா' என்று ஈரக் குப்பை, உலர் குப்பையாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் 'மக்கும்', 'மக்காத' குப்பை. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. பழைய செய்தித்தாள் மக்கும், ஆனால் உலர்ந்தது. திருநெல்வேலிக்கு லீவில் போய் மான்குர்த் திரும்பும் அம்மாளிடம் காகிதம் எந்தக் கூடைக்கு என்று கேட்டுப் பாருங்கள். துண்டுப் பிரசுரத்தில் தமிழ் போடுகிறவர்கள் 'சமைத்ததும் நறுக்கியதும் இந்தக் கூடை, மற்றதெல்லாம் அந்தக் கூடை' என்று எழுதினால் போதும். இலக்கணம் தேவையில்லை.

இன்னொரு சொல் இதைவிடச் சிக்கலானது. குடிசைப் பகுதிகளுக்காக மாநகராட்சி முதலில் 'தத்தக் வஸ்தி' என்றும், 2013இல் 'சுவச் மும்பை பிரபோதன் அபியான்' என்றும் திட்டம் கொண்டுவந்தது. வீடு வீடாகக் குப்பை வாங்கியவர்களுக்கு அதில் கொடுத்த பெயர் தொண்டர்கள். கொடுத்த பணத்துக்குப் பெயர் மதிப்பூதியம். தினமும் காலையில் மழையிலும் வந்தாக வேண்டிய ஒருவரை 'தொண்டர்' என்று அழைப்பது, சம்பளம் என்ற சொல்லைத் தவிர்க்கத்தான். உரத் தொட்டிகள் பல இடங்களில் மூன்றாம் மாதமே நின்றுபோவதற்குப் புழுவும் நாற்றமும் காரணம் என்பார்கள். புழு வந்தது கிளறுவதற்கு ஆள் இல்லாததால். ஆள் போனது காசு வராததால்.

ஆகவே கணக்கை ஆளிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 வீட்டுக்கு 5,000. மும்பையில் இதற்கு யாரும் நிலைக்க மாட்டார்கள். 300 வீடு சேர்ந்தால் 15,000. பெரிய தொகையில்லை, ஆனால் மாதச் சம்பளம் என்று சொல்லிக் கொடுக்கலாம். எனவே ஒரு கட்டடம் தனியாக இறங்குவது வீண். மூன்று நான்கு கட்டடங்களோ, ஒரு முழுச் சந்தோ சேர வேண்டும். புனேயில் குப்பை பொறுக்கும் பெண்கள் தங்கள் சங்கத்திலிருந்து 'ஸ்வச்' என்ற கூட்டுறவை உருவாக்கி, 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்தார்கள். வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணத்தை அவர்களிடமே கொடுத்தார்கள். சென்னையில் 1989இல் தொடங்கிய எக்ஸ்னோராவும் தெருக்காரர்களிடம் வசூலித்து, மூன்று சக்கர வண்டிக்காரருக்குச் சம்பளம் கொடுத்துத்தான் நடந்தது.

300 வீட்டுக்கு அரைக் கிலோ வீதம் 150 கிலோ. ஆறடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரத்தில் ஓட்டை விட்டுக் கட்டிய செங்கல் தொட்டி ஒன்று சுமார் பத்து நாளில் நிரம்பும். நிரம்பியதை மூடிவைத்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டு, ஐம்பது நாள் விட வேண்டும். அப்படியானால் ஆறு தொட்டி. ஆறாவது நிரம்பும்போது முதலாவது காலிசெய்யத் தயாராக இருக்கும். நடக்க இடம், சரிந்த கூரை எல்லாம் சேர்த்து 300 சதுர அடி. ரயில் பாதையோரம் இருந்து பெயர்க்கப்பட்டு லல்லுபாய் காம்பவுண்டில் குடியேற்றப்பட்ட குடும்பங்களுக்குக் கிடைத்த வீடு 225 சதுர அடி. ஒரு வீட்டைவிடச் சற்றுப் பெரிய இடம் என்பது இங்கே சின்ன விஷயமல்ல.

கட்டடங்களுக்கு இடையிலுள்ள சந்து காலியாகத்தானே இருக்கிறது என்பார்கள். அங்கே கூடாது. அந்தக் காம்பவுண்டின் கீழ்த்தளங்களில் வெளிச்சமும் காற்றும் இல்லாததையும் காசநோயையும் தொடர்புபடுத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஜன்னலுக்கு அடியில் தொட்டி கட்டுவது அங்கிருப்பவர்களுக்குச் செய்யும் அநியாயம். இடம் நுழைவாயில் பக்கம், ரோட்டைப் பார்த்து இருக்க வேண்டும்.

வாங்குகிற நேரமும் முக்கியம். பல வீடுகளில் பெண்கள் காலை ஏழுக்கெல்லாம் செம்பூர், வாஷி பக்கம் வீட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஒன்பது மணிக்கு வரும் வண்டி பூட்டிய கதவைத்தான் பார்க்கும். பூட்டிய வீட்டின் பை கட்டருக்குப் போகும். இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை வாங்கினால், அதே அளவு உழைப்பில் அதிகக் கூடை நிறையும்.

தொட்டிக்குள் நடப்பது எளிது. உணவுக் கழிவில் நீரும் நைட்ரஜனும் அதிகம். காய்ந்த இலை, மரத்தூள், தென்னை நார்க் கழிவு ஏதாவது சேர்த்தால்தான் காற்று புகும், சூடேறும். உள்ளே 55, 60 டிகிரி வந்தால் ஈயின் புழு பிழைக்காது. குழம்பை வடித்துவிட்டுப் போட வேண்டும். மீன் முள்ளும் எலும்பும் நடுவில் புதைய வேண்டும், இல்லையென்றால் எலி. காய்ந்த இலையை மழைக்கு முன்பே சாக்கில் கட்டிவைக்க வேண்டும். ஜூன் பிறந்தபின் மும்பையில் காய்ந்த இலை ஏது?

கற்றுக்கொடுக்க ஆள் தேடி எங்கும் போக வேண்டாம். ஸ்திரீ முக்தி சங்கடனா 1990களின் கடைசியிலிருந்து, குப்பை பொறுக்கும் மும்பைப் பெண்களுக்கு உரம் தயாரிக்கவும் எரிவாயுக் கலன் நடத்தவும் பயிற்சி கொடுத்திருக்கிறது. அந்தக் கலன்களில் ஒன்றான 'நிசர்க்ருணா'வை உருவாக்கியது மான்குர்த்துக்கு அடுத்திருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையம். சமையல் கழிவை அரைத்து, சுடுநீர் சேர்த்து, முதலில் காற்றோடும் பிறகு காற்றில்லாமலும் செரிக்கவிடும் முறை. மாநகராட்சி பணம் போட்டால் அதுவும் ஆகும். 300 வீட்டுக்காரர்கள் சொந்தக் காசில் இறங்குவதாயிருந்தால் செங்கல் தொட்டியே போதும்.

ஒன்று பாக்கி. மாதம் நாலரை டன் போட்டால் ஏறக்குறைய ஒரு டன் உரம் வரும். லல்லுபாய் காம்பவுண்டில் அதைப் போட எத்தனை செடி இருக்கிறது? முதல் தொட்டி கட்டும் முன்பே செம்பூர் சொசைட்டித் தோட்டங்களோடும் நர்சரிக்காரர்களோடும் பேசி முடித்திருக்க வேண்டும். கிலோவுக்கு என்ன விலை, சாக்கு யார் செலவு, டெம்போ வாடகை யாருடையது என்பது வரை. விற்ற காசில் முதல் பங்கு, இரவில் கூடை வாங்க வரும் அந்த அம்மாளுக்கு.