கிளினிக் நாளில் பேர் விழ வேண்டும்

"மலை ஏறி இறங்குகிற ஆளுக்கு எப்படிச் சீனி வரும்?" லயத்தில் யாருக்காவது சீனி வருத்தம் என்றால் நாம் முதலில் கேட்பது இதைத்தான். சீனி, பிரஷர் எல்லாம் கொழும்பில் கதிரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் வருத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இன்று கிளினிக் வரிசையில் கொழுந்து பறிக்கிற பெண்களும் கவ்வாத்து வெட்டுகிற ஆண்களும் நிற்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கிற புத்திமதி ஒன்றுதான்: வாயைக் கட்டுங்கள்.

வாயைக் கட்டத்தான் வேண்டும். ஒரு தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி, நாளைக்கு ஐந்து தேத்தண்ணி என்றால் பதினைந்து கரண்டி. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற நல்ல அளவு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆறு கரண்டி. இதை நாமே குறைக்கலாம், துரையிடம் கேட்கத் தேவையில்லை. ஆனால் காலையிலும் மாலையிலும் கோதுமை மா ரொட்டி, அதற்கு ஒரு சம்பல் என்று சாப்பிடுகிறவர்களிடம் "மரக்கறி, பழம், மீன் சாப்பிடுங்கள்" என்று சொல்வது சுலபம். நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்ததே 2024 இல்தான். தோட்டச் சம்பளத்தில் குடும்பத்துக்கு மீனும் பழமும் எத்தனை நாள் வாங்கலாம் என்பதையும் சொல்பவர்களே கணக்குப் பார்த்துச் சொல்லட்டும்.

இன்னொன்றையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். டேவிட் பார்க்கர் என்ற இங்கிலாந்து வைத்தியர் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் மருத்துவமாதர் குறித்து வைத்திருந்த பழைய பிறப்புப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். பிறக்கும்போது எடை குறைந்து, ஒரு வயதிலும் மெலிந்திருந்த ஆண்களே பிற்காலத்தில் இருதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள். 1989 இல் இது வெளிவந்தது. சீனி வருத்தத்துக்கும் இதே தொடர்பு உண்டு என்று பின்னர் கண்டார்கள். நாட்டில் எடை குறைந்த பிள்ளைகள் அதிகம் பிறப்பது தோட்டப்புறத்தில்தான். அப்படியானால் அம்பது வயதில் வருகிற வருத்தத்துக்கு, வயிற்றுப் பிள்ளையோடு கூடை சுமந்த தாயின் பசியும் ஒரு காரணம். கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தால் "பூசினாப்போல இருக்கிறார்" என்று விட்டுவிடக் கூடாது. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரையும் ஆண்களுக்கு 90 ஐயும் தாண்டினால் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மனதின் கதையை நாங்கள் பேசுவதே இல்லை. 2010 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 58,000 பேருக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய 15 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. உடல் பருத்தவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 வீதம் கூடுதலாக இருந்தது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு உடல் பருக்கும் வாய்ப்பு 58 வீதம் கூடுதல். ஒன்று மற்றதை இழுத்து வருகிறது. கடன், சாராயம், வெளிநாட்டில் வேலைக்குப் போன தாய், ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை என்று நம் லயத்தில் மனம் சோர்வதற்குக் காரணம் தேடிப் போகவேண்டியதில்லை. சோர்ந்த மனுசி மருந்தை ஒழுங்காகப் போடமாட்டார். "சொன்னால் கேட்கிறதில்லை" என்று கிளினிக்கில் ஏச்சு வாங்கினால் அடுத்த மாதம் அங்கே போகவும் மாட்டார்.

போகாததற்குப் பெரிய காரணம் வேறு. மாதத்தில் ஒரு நாள் கிளினிக்குக்குப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை. பஸ் காசும் கையை விட்டுத்தான் போகும். மருந்து இலவசம் என்கிறார்கள், அதை எடுக்கப் போகிற எங்களுக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரரின் குளிசையில் பாதியை வாங்கிப் போடுகிறோம். இது ஆபத்து, தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இதையும் மேசையில் வைக்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. கிளினிக் அட்டையைக் காட்டினால் அன்றைக்கு முழுப்பேர். முப்பத்தைந்து வயது தாண்டிய எல்லோருக்கும் தோட்டத்திலேயே வருடத்துக்கு ஒரு தடவை சீனி, பிரஷர் சோதனை. சோதிக்கிறவர் "நித்திரை வருகிறதா, மனம் எப்படி?" என்றும் தமிழில் கேட்க வேண்டும். அதுவரை மனம் பாரமாக இருக்கிறவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவானாலும் பகலானாலும் அழைத்துப் பேசலாம். அந்த இலக்கத்தை லயத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.