வாசலைத் தாண்டி உள்ளே வாங்க!



போன வருஷம் பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள், பிரேயர் முடிந்ததும் ஆங்கில டீச்சர் கேட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். "ஜெர்மனியிலிருந்து எட்டு மாணவர்கள் வர்றாங்க. ஆறு நாள் நம்ம பிள்ளைகள் வீட்டில்தான் தங்கப் போறாங்க. யார் வீட்டில் இடம் தருவீங்க?" அவ்வளவு பெரிய மைதானத்தில் ஒரு கைகூட உயரவில்லை. நானும் தூக்கவில்லை.

இடைவேளையில் காரணங்கள் வரிசையாக வந்தன. "எங்க வீடு சின்னது", "எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் வராது", "பாத்ரூம் கொல்லையில இருக்கு". நானும் இதையே வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "அந்தப் பொண்ணு சோறு சாப்பிடுமா?" மறுநாள் பெயர் கொடுத்துவிட்டேன்.

வெளிநாட்டு நட்பு என்றாலே விமானம் ஏறிப் போவது என்று நினைக்கிறோம். போவதற்குப் பாஸ்போர்ட், விசா, லட்சக்கணக்கில் பணம் எல்லாம் வேண்டும். வரவேற்பதற்கு ஒரு பாயும் ஒரு தட்டும் போதுமே! அதனால் இது வசதியானவர்கள் விஷயம் என்று ஒதுங்கக் கூடாது என்பது என் கருத்து.

"ஹோட்டலில் தங்கினால் ஆகாதா?" என்று சிலர் கேட்டார்கள். 1932-ல் டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர் தன் நாட்டு இளைஞர்களை சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப் போய், ஐரோப்பிய இளைஞர்களோடு முகாமில் தங்கவைத்தார். அவர் எதிர்பார்த்த அளவுக்கு நட்பு வளரவில்லை. நம்ம என்.எஸ்.எஸ். முகாமை நினைத்துப் பாருங்கள். ஏழு நாளும் நம்ம செட்டோடுதானே உட்கார்ந்து சாப்பிட்டோம்? அடுத்த வருடம் அவர் இளைஞர்களைக் குடும்பங்களோடு தங்கவைத்தார். அந்த ஏற்பாடு நிலைத்துவிட்டது.

முதல் உலகப் போரில் பிரான்ஸில் காயம்பட்ட வீரர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிப்போன அமெரிக்கத் தொண்டர் அமைப்பு ஒன்று உண்டு. பெயர் ஏ.எஃப்.எஸ். இரண்டாம் உலகப் போரிலும் அவர்கள் அதே வேலையைச் செய்தார்கள். போர் முடிந்ததும், காயம்பட்ட பிறகு தூக்குவதைவிடப் போரே வராமல் செய்வது நல்லது என்று யோசித்து, 1947 முதல் வெளிநாட்டு மாணவர்களை வரவழைத்துக் குடும்பங்களில் தங்கவைத்தார்கள். இடம் கொடுக்கும் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது. விரும்பித்தான் செய்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த ஜெர்மன் அக்காவுக்கு வயது பதினேழு. அவள் எட்டாவது படிக்கும்போது ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் பத்து நாள் தங்கினாளாம். அவளுடைய கொள்ளுத்தாத்தா அதே பிரான்ஸை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவர்! 1870-க்கும் 1945-க்கும் நடுவில் அந்த இரண்டு நாடுகளும் மூன்று பெரிய போர்களில் மோதிக்கொண்டன. 1963-ல் ஒப்பந்தம் போட்டு, இளைஞர்களுக்காகவே ஒரு பொது அலுவலகம் தொடங்கினார்கள். அதன் மூலம் இதுவரை 90 லட்சம் பேருக்கு மேல் பரிமாற்றத் திட்டங்களில் கலந்துகொண்டிருக்கிறார்கள். "ஆறு நாளில் உலகம் மாறிடுமா?" என்று கிண்டல் செய்தவர்களுக்கு என் பதில்: ஆறு நாளில் மாறாது. அறுபது வருஷம் விடாமல் செய்தால் மாறும்.

எல்லாம் இனிப்பாகவே நடந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் ராத்திரி அம்மா நான்காவது தோசை வைக்க வந்தபோது, அவள் தட்டின்மேல் கையை வைத்து "நோ" என்றாள். அம்மா முகம் வாடிப்போச்சு. நம்ம ஊரில் "வேண்டாம்" என்றால் பாதி "வேணும்". அவங்க ஊரில் வேண்டாம்னா வேண்டாம்தான்! இது புரிய எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. தெருவில் கூட்டம் கூடி "கலரைப் பாரு" என்று செல்ஃபி எடுத்ததும் தவறு. விருந்தாளி கண்காட்சிப் பொருளா? நாங்களும் அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மூன்றாம் நாள் அவளே கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டாள்.

நான்காம் நாள் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன்.

என் உயிர்த்தோழி அவளைப் பார்க்க வந்தாள். வழக்கம்போல கேட்டுக்கு வெளியே நின்றே பேசிவிட்டுப் போனாள். "உன் பெஸ்ட் ஃபிரெண்ட் ஏன் உள்ளே வரவில்லை?" என்று அக்கா கேட்டாள். "அவள் அப்படித்தான்" என்று பொய் சொன்னேன். மூன்று வருஷமாக நாங்கள் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறோம். அவள் காலனி எங்கள் தெருவிலிருந்து அரை கிலோமீட்டர்கூட இருக்காது. "வராதே" என்று யாரும் சொன்னதில்லை. "உள்ளே வா" என்றும் யாரும் சொன்னதில்லை. ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவளுக்கு ஒரே நாளில் திறந்த கதவு இவளுக்கு ஏன் திறக்கவில்லை? அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

காலையில் அம்மாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அரிசி களைந்துகொண்டே, "மத்தியானம் சாப்பிட வரச்சொல்லு" என்றார். பாட்டி முணுமுணுத்தார். ஆனால் அவளும் வந்தாள், மூவரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். கை கழுவும்போது அவள் சொன்னாள்: "அடுத்தது நீ எங்க வீட்டுக்கு வரணும், தெரியும்ல?" போனேன். அவங்க அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பு மாதிரி நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை. (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் போய்வருவது. வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போகாமல் இருந்தால் அது பாதி நட்புதான்.

அதனால் என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த முறை டீச்சர் கேட்கும்போது, வீடு சின்னது என்று கையை மடக்காதீர்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே, இதுவரை உங்கள் வாசலைத் தாண்டாத ஒரு வகுப்புத் தோழனையோ தோழியையோ சாப்பிடக் கூப்பிடுங்கள். அவர்கள் கூப்பிட்டால் நீங்களும் போங்கள்.

கிளம்பும்போது அக்கா "ஆஃப் வீடர்சேயன்" என்றாள். மறுபடி பார்க்கும்வரை என்று அர்த்தமாம். "நாங்களும் 'போறேன்'னு சொல்ல மாட்டோம், 'போயிட்டு வர்றேன்'னுதான் சொல்லுவோம்" என்றேன். இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் போய்த் தமிழிலேயே சொன்னாள்.

அம்மா நான்கு முறுக்கை அதிகமாகக் கட்டிக்கொடுத்தார். இந்தத் தடவை அவள் "நோ" சொல்லவில்லை!

— பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி