அளவெடுத்த பிறகு



போகி நெருங்குகிறது. பீரோவின் கீழ்த்தட்டில் இருப்பதையும் பரணில் கிடக்கும் மூட்டையையும் இழுத்துப் போட்டு, வேண்டியது வேண்டாதது என்று பிரிக்கிற வேலை இந்நேரம் பல வீடுகளில் தொடங்கியிருக்கும். வேண்டாததில் பாதி துணியாகத்தான் இருக்கும். அதைத் தெருவில் போட்டுக் கொளுத்தாதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் கலந்து கவிந்ததில், விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பிப் போனது பலருக்கு நினைவிருக்கும். முன்பு நெருப்பில் விழுந்தது நூல் துணி, எரிந்து சாம்பலாகும். இன்றைய மூட்டையில் பாலியஸ்டரும் நைலானும் அல்லவா இருக்கின்றன? அவை உருகி ஒழுகி, நெஞ்சை அடைக்கிற புகையாகின்றன.

சரி, யாருக்காவது கொடுத்துவிடலாமே என்பீர்கள். கொடுங்கள், தாராளமாக. ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாக வந்த பழைய துணி சாலையோரங்களில் குவிந்து, மண்ணில் புரண்டு கிடந்தது. அனுப்பியவர்களின் நல்ல மனசில் ஒரு குறையும் இல்லை. ஆனால் புடவையே உடுத்திப் பழகிய மீனவப் பெண்களுக்கு, அவர்கள் ஒருநாளும் உடுத்தாத உடைகள் போய்ச் சேர்ந்தன. வீட்டையும் உறவையும் இழந்து நிற்கிறபோது, முன்பின் தெரியாதவர்கள் உடுத்திக் கழித்ததைப் போட்டுக்கொள்ளப் பலருக்கு மனம் ஒப்பவில்லை. அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு, அப்படி வீணாய்க் கிடந்த துணிகளைத் திரட்டித் தரம் பிரித்து, உபயோகப்படும் பொருளாக்கும் பணியை ஏற்றுக்கொண்டது. அந்தத் துணி மலையில் எல்லாம் இருந்தது. இன்னாருக்கு என்று எடுத்த அளவு மட்டும் இல்லை.

பழைய துணியில் தைத்துப் போட்டுக்கொள்வதைப் பற்றி நான் சொல்ல விரும்புவதும் இந்த அளவைப் பற்றித்தான்.

வீட்டில் நான் இரண்டாவது பெண். அக்கா போட்டதெல்லாம் எனக்கு வரும். ஆனால் எங்கள் அம்மா அதை அப்படியே எடுத்து என் தலையில் மாட்டியது கிடையாது. பாதி பிளேடால் தையலை ஒவ்வொன்றாக அறுப்பார். பிசிறு நூலைப் பொறுக்கி எறிந்து, அலசி, ஈரம் காய்வதற்குள் இஸ்திரி போட்டு, கவுனை மறுபடியும் வெறும் துணியாக்கிவிடுவார். அப்புறம் கழுத்தில் இன்ச் டேப்போடு என்னைக் கூப்பிடுவார். “நேரா நில்லுடி, மூச்சை இழுத்துப் பிடிக்காதே.” தோள், மார்பு, இடுப்பு, உயரம். டேப் என்னைச் சுற்றி வந்த அந்த நிமிஷத்திலிருந்து அது அக்கா கவுன் இல்லை. வெயிலில் மங்கிய பக்கம் உள்ளே போய், உள்பக்கம் வெளியே வரும். அக்காவின் காலர் இருந்த இடத்தில் எனக்கு வட்டக் கழுத்து வரும். கைக்குத் துணி போதாவிட்டால் அப்பாவின் சட்டையிலிருந்து ஒரு துண்டு சேரும். “உங்க அக்கா துணிதானே?” என்று பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், “எனக்குத் தைச்சது” என்று தலை நிமிர்ந்து சொல்வேன். உண்மையும் அதுதான்.

மூத்தவர் போட்டதை இளையவர் போடுவது எந்த வீட்டிலும் நடப்பதுதான். அதில் சின்னப் பிள்ளைகளின் மனம் சுருங்குவதும் நடக்கிறது. தொளதொளவென்று தொங்குகிற தோளும், மடித்துவிட்ட கையும் ‘இது உன்னுடையது இல்லை’ என்று நாள் முழுக்க அந்தப் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டு அங்குலம் பிடித்துத் தைத்தால் போதும், அந்தப் பேச்சு நின்றுவிடும். இதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பிள்ளைக்குத் தருகிற மரியாதை என்றே சொல்வேன்.

அம்மாவின் பழைய பட்டுப் புடவையில் பாவாடை தைத்துப் போட்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அதில் எவ்வளவு யோசனை இருக்கிறது பாருங்கள். புடவை ஏறத்தாழ 45 அங்குல அகலம். பாவாடையில் அந்த அகலம்தான் உயரம், கரை காலடியில் சுற்றி வர வேண்டுமே! எட்டு வயசுப் பெண்ணுக்கு அவ்வளவு உயரம் எதற்கு? மிச்சத்தை வெட்டி எறிய மாட்டார்கள். கரைக்குச் சற்று மேலே இரண்டு மூன்று டக் பிடித்து, மடித்துத் தைத்து வைப்பார்கள். பெண் வளர வளர, ஆண்டுக்கொரு டக் பிரியும். பிரித்த இடத்தில் வெயிலும் அழுக்கும் படாத பழைய நிறம் பளிச்சென்று ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் லேஸோ ரிப்பனோ வைத்துத் தைத்துவிட்டால் அதுவே அலங்காரம். அந்தப் பெண் மூன்று வருஷத்தில் எவ்வளவு வளர்ந்தாள் என்பது பாவாடையிலேயே எழுதியிருக்கும்.

இந்த யோசனையெல்லாம் துணியைத் தெரிந்து வைத்திருந்ததால் வந்தது. கடையில் வாங்குகிற புதுத் துணி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். உடுத்திய துணி அப்படி இருக்காது. நூல் புடவையை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடுப்பில் முதல் சுற்றாகச் செருகிய பகுதி கெட்டியாகவே இருக்கும். உட்கார்ந்து எழுந்த இடம் நைந்திருக்கும். தோளில் பின் குத்திய இடத்தில் பொடி ஓட்டைகள் தெரியும். ஆண்கள் சட்டை என்றால் காலர் மடிப்பும் கை நுனியும்தான் முதலில் போகும், முதுகுத் துணி புதுசு போலவே நிற்கும். ஒரு காலத்தில் தையற்கடைகளில் காலரை மட்டும் பிரித்துத் திருப்பிப் போட்டுக் கொடுப்பார்கள், சட்டைக்கு இன்னும் ஓரிரு வருஷம் ஆயுள் கூடும். அந்த முதுகுத் துணியில் கைக்குழந்தைக்கு ஒரு ஜப்லாவே வெட்டலாம். பட்டுப் புடவையோ மடிப்பு விழுந்த கோட்டில் இற்றுப்போகும். வெட்டுவதற்கு முன் மடிப்புகளை இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கிழியும் போலிருந்தால், தப்பிய பகுதிக்கு மட்டும் மெல்லிய காட்டன் லைனிங் கொடுத்துத் தைக்கலாம்.

பழையதோடு புதுத் துணியைச் சேர்த்தால், புதியதை ஓர் இரவு தண்ணீரில் போட்டுக் காய வைத்துவிட்டே வெட்டுங்கள். பழைய துணி சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, சாயம் போக வேண்டியதெல்லாம் போய் முடிந்தது. புதியது முதல் சலவையில்தான் சுருங்கும். இரண்டும் இழுத்துக்கொண்டால் தையல் நெடுகச் சுருக்கம் விழும். ஊசியையும் பாருங்கள். மெஷினில் எப்போதும் கிடக்கிற 16ஆம் நம்பர் ஊசி, நைந்த வாயில் துணிக்குப் பெரிது. 11ஆம் நம்பர் போடுங்கள். தையலைக் கொஞ்சம் நீளமாகவே வையுங்கள். மெலிந்த துணியில் நெருக்கமாகத் தைத்தால் தபால் தலைத் தாளின் ஓட்டை வரிசை போல, அந்தக் கோட்டிலேயே கிழியும். பாவு நூல் ஓடுகிற திசைக்குத்தான் பலம் அதிகம்; இழுவை வருகிற இடங்களை அந்தத் திசையில் வெட்டுங்கள். மூலையில் முக்கோணமாக மிஞ்சுவதைத் தூக்கிப் போட வேண்டாம். கழுத்துக்கும் கைக்குழிக்கும் வைத்துத் திருப்புகிற கிராஸ் பட்டி அதிலிருந்துதான் வர வேண்டும்.

துண்டு துணி என்றதும் திருப்பூர் நினைவுக்கு வராமல் இருக்காது. காதர்பேட்டைக் கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சியதும் தள்ளுபடியானதும் குவிந்திருக்கும். கட்டிங் டேபிளில் விழுகிற பனியன் வேஸ்ட் ஒர்க்‌ஷாப்களுக்குக் கை துடைக்கப் போகும், அல்லது பஞ்சாகப் பிய்க்கப்பட்டு ஓப்பன் எண்ட் மில்களில் மறுபடி நூலாகும். இதே மாதிரிக் கழிவுத் துணியிலிருந்துதான் சுனாமிகா பிறந்தாள். சுனாமிக்குப் பிறகு, கடலைப் பார்க்கவே அஞ்சிய மீனவப் பெண்களின் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று, ஆரோவில்லின் ‘உபாசனா’வை நடத்தும் உமா பிரஜாபதி தொடங்கிய விரல் நீளப் பொம்மை அது. அதற்கு விலை கிடையாது, அன்பளிப்பாகவே கைமாறிப் பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. நான் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். துணி என்று யாரும் கணக்கில் எடுக்காத அளவுத் துணுக்கு அதன் பாவாடை. அதைச் சுற்றி இழுத்துக் கட்டியிருந்த நேர்த்தியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒட்டுப் போட்ட உடை தாழ்வு என்ற எண்ணம் எப்போது வந்ததோ, அதற்கு நெடுங்காலம் முன்பே துண்டுகளை இணைத்துத்தான் பிக்குகளுக்குச் சீவர ஆடை தைத்தார்கள். மகத நாட்டில் வரப்பு கட்டிய வயல்களைப் புத்தர் ஆனந்தரிடம் காட்டி, அதுபோல ஆடை அமைக்க முடியுமா என்று கேட்டதாக வினய பிடகம் சொல்கிறது. ஆனந்தர் துண்டுகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்துக் காட்டினார். இலங்கையிலும் தாய்லாந்திலும் பிக்குகளின் ஆடையில் அந்த வரப்புகள் இன்றும் இருக்கின்றன.

துணியைப் பற்றிச் சொன்னேன், அதைத் தைக்கிற மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1924இல் டெல்லியில், ஜி. ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர் காந்தியிடம், “எல்லா இயந்திரத்தையும் எதிர்க்கிறீர்களா?” என்ற பொருளில் கேட்டார். காந்தி விதிவிலக்காக எடுத்துச் சொன்னது சிங்கர் தையல் மெஷினை. சிங்கர் தன் மனைவி கையால் தைத்து அலுத்துப் போவதைப் பொறுக்காமல், அன்பினால் செய்த இயந்திரம் என்பது அவர் சொன்ன காரணம். கேள்வி கேட்ட அந்த இளைஞர்தான் பின்னாளில் தம் மனைவி சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து, 1947இல் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கினார். அன்பினால் செய்ததாக காந்தி சொன்ன அந்த மெஷின் இன்று எத்தனையோ வீடுகளில் மேலே விரிப்புப் போட்டு, டி.வி. ரிமோட்டும் மருந்து டப்பாவும் வைக்கிற மேசையாக நிற்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசு கொடுக்கும் இலவசத் தையல் இயந்திரத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிற பெண்கள் இருக்கிற ஊரில், ஓடக்கூடிய மெஷின் சும்மா நிற்பது எனக்கு வருத்தம் தருகிறது. எண்ணெய் விட்டு, பெல்ட்டை மாற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நம் அம்மாக்கள் இதையெல்லாம் தைத்தது ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகு. அந்த உழைப்பை மறுபடியும் பெண்கள் தலையில் மட்டும் கட்ட இந்தப் பக்கத்தை நான் எழுதவில்லை. ஊரெல்லாம் டெய்லர் கடையில் ஆண்கள் உட்கார்ந்து தைக்கும்போது, வீட்டுப் பையனுக்கு மட்டும் பட்டன் வைக்கத் தெரியாமல் இருக்க வேண்டியதில்லை. அரைப் பரீட்சை விடுமுறையில் அவனுக்கும் ஹெம்மிங் சொல்லிக்கொடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஜாக்கெட்டில் கை வைக்காதீர்கள், அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். உள்பாவாடையிலோ, பழைய வேட்டியில் ஒரு குழந்தைச் சட்டையிலோ ஆரம்பியுங்கள். இந்த இதழின் நடுப்பக்கத்தில், ஆண்கள் சட்டை ஒன்றிலிருந்து ஐந்து வயசுப் பெண் குழந்தைக்கு கவுன் வெட்டுகிற வரைபடம் இருக்கிறது. பட்டன் பட்டி முதுகுப் பக்கம் வரும்படி போட்டிருக்கிறோம். காஜா அடிக்கிற வேலை மிச்சம்.

தைத்து முடித்ததும் எங்களுக்கு எழுதுங்கள். யார் உடுத்திய துணி, யாருடைய அளவுக்கு வெட்டினீர்கள், எந்த இடத்தில் துணி போதவில்லை, அங்கே எதைக் கொண்டுவந்து சேர்த்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். படம் எடுத்தால் ஒட்டுப் போட்ட இடத்தை மறைக்க வேண்டாம், நன்றாகத் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள். மாசி இதழில் அவற்றுக்காக நான்கு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்